இரண்டு பாட்டுக்கு நடுவே

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில், பத்துக் காம்பரா லயம் ஒன்றில், 1970களின் தொடக்கத்தில் ஒரேயொரு டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி இருந்தது. அது என் பாட்டனாருடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை ஓய்ந்து, சேமலாப நிதிப் பணம் வந்து சேர்ந்தபோது, கடன்காரருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட பொருள் அது ஒன்றுதான். லயத்துக்கு மின்சாரம் வராத காலம். பெட்டிக்கு நான்கு பற்றறிகள் வேண்டும். அவை தீர்ந்தால் அடுத்த சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டும். ஓய்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்தும், அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தும், இன்னும் இரண்டொரு நாள் உயிர் பிடிப்பது எங்கள் வீட்டில் சிறுவர்களுக்கு இடப்பட்ட பணி.

பாட்டனாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கும் ஓசை கேட்டதும் பெட்டியை அணைத்துவிடுவார். நான் ஆட்சேபித்தால், “ஏன் தம்பி, சவுக்காரம் விக்கிறவனுக்கு நாம எதுக்குப் பற்றறி எரிக்கணும்?” என்பார். பிறகு நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து வாயில் அடக்கிக்கொள்வார். அதன்பின் கை பெட்டிக்குப் போகும். திருகியதும் அடுத்த பாட்டின் முதல் இசை எழும்பும். சில நாட்களில் ஒரு கணம் முந்தும். விளம்பரத்தின் வால் காதில் விழும். சில நாட்களில் ஒரு கணம் பிந்தும். பெரும்பாலும் தவறுவதில்லை. கைக்கடிகாரம் கட்டியறியாத மனிதருக்கு இந்தக் கணக்கு எவ்வாறு வாய்த்தது என்பது எனக்கு நெடுநாள் வியப்பாயிருந்தது. பின்னாளில், வானொலி நிலையங்கள் விளம்பர வேளைகளை எவ்விதம் வகுக்கின்றன என்பதை ஆசிரியத் தொழிலுக்கிடையே ஓர் ஆவலாகப் படித்தறியத் தொடங்கியதற்கு அந்த வெற்றிலைதான் காரணம் என்று சொல்லவேண்டும்.

வானலையை விற்ற வரலாறு

காற்றில் செல்லும் ஒலிக்கு விலை வைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி நியூயோர்க் நகரத்து நிலையம் ஒன்று, வீடுகட்டி விற்கும் நிறுவனமொன்றுக்குப் பத்து நிமிட நேரத்தை விற்றது. பத்து நிமிடமும் ஒருவர் பேசினார். நகர நெரிசலை விட்டுப் புறநகருக்குக் குடிவாருங்கள் என்பது பேச்சின் சாரம். இன்றைய அளவில் அது ஒரு சொற்பொழிவு. அன்று அதையே விளம்பரமென்று கொண்டார்கள். பிரிட்டனோ வேறு வழி சென்றது. கேட்பவரிடம் அனுமதிக் கட்டணம் வாங்கி, விளம்பரமே இல்லாமல் பீ.பீ.சி. நடந்தது. ஆனால் 1933 முதல் கடலுக்கு அப்பாலிருந்து லக்ஸம்பேர்க் வானொலி விளம்பரங்களோடு ஆங்கில நிகழ்ச்சிகளை அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆங்கிலேயர் தம் நாட்டு வானொலியை விட்டு அந்நிய நிலையத்தை நாடினர்.

லக்ஸம்பேர்க் பிரிட்டனுக்குச் செய்ததை இலங்கை இந்தியாவுக்குச் செய்தது. கொழும்பில் 1925 டிசம்பர் 16 முதல் ஒலிபரப்பு நடந்துவந்தது எனினும், அதன் குரல் தொலைவுக்கு எட்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிமிக்க சிற்றலைச் சாதனங்கள், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தன. படைவீரருக்காகக் கட்டிய கருவியைச் சமாதான காலத்தில் என்ன செய்வது? 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் என்பவர் அதன் ஆரம்ப காலத்தில் பொறுப்பேற்று நடத்தினார்.

அதற்கு அடுத்தாற்போல் இந்தியாவிலிருந்தே ஓர் உதவி வந்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தின்பால் பற்றுக்கொண்டவர். திரைப்பாடல்களை ஆகாசவாணி ஏறக்குறையக் கைவிடும் நிலை அவர் காலத்தில் ஏற்பட்டது. பாட்டை இழந்த நேயர்கள் இலங்கைக்குத் திரும்பினர். அவர்கள் திரும்பிய திசையை விளம்பரக்காரர் விடுவார்களா? அந்த ஆண்டின் இறுதியில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய நிகழ்ச்சி. பம்பாயில் ஒலிப்பதிவாகி, நாடா விமானத்தில் கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து வானேறிப் புதன்கிழமை இரவுகளில் மறுபடி இந்தியாவுக்கே போகும். இந்தியப் பொருளுக்கான விளம்பரம் இந்திய நேயரை அடைய இலங்கை வழியாகச் சுற்றிச் சென்ற விசித்திரம் இது. ஆகாசவாணி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3இல் ‘விவித பாரதி’யைத் தொடங்கியது, அதில் விளம்பரங்களை ஏற்க இன்னும் பத்தாண்டு பிடித்தது. 1967 நவம்பர் முதல் நாளன்றுதான் அங்கு வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

தமிழில் இந்தத் துறையின் முதற்குரல் எஸ்.பி. மயில்வாகனன் அவர்களுடையது. வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளரான அவர் பெயரைத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளும் அறிந்திருந்தன. பொருளின் பெயரைச் சொல்லும்போதும் நேயரைப் பெயர் சொல்லி அழைப்பது போன்ற தொனி வேண்டும் என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் அவரிடமிருந்தே கற்றார்கள் எனலாம். மடை திறந்தாற்போல் பேசிய கே.எஸ். ராஜா, உச்சரிப்பில் ஓர் எழுத்தும் வழுவாத பி.எச். அப்துல் ஹமீத், குரலிலேயே முகமலர்ச்சியைக் காட்டிய இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் வந்த காலம், நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய காலத்தை ஒட்டியது. 1967 ஜனவரி 5 முதல் அது கூட்டுத்தாபனம். 1972இல் நாடு குடியரசானதோடு ‘சிலோன்’ என்ற பெயரும் நீங்கிற்று. பெயர் எத்தனை முறை மாறினும் எங்கள் லயத்தில் அது கடைசி வரை ‘சிலோன் ரேடியோ’தான்.

தாளும் கடிகாரமும்

வானொலியில் விற்பனைக்கு இருக்கும் சரக்கு ஒன்றே ஒன்று. அது நேரம். அரிசியைப் போலச் சேமித்து வைக்க முடியாத சரக்கு. இன்று மாலை ஏழரை மணிக்கு விற்காமல் போன முப்பது விநாடியை நாளைக்கு விற்க இயலாது. ஆகவே நிலையத்தார் நேரத்தைக் கூறுபோடுவதில் கறிக்கடைக்காரரைவிடச் சாமர்த்தியம் காட்டவேண்டியிருக்கிறது.

விற்பனை இரு வகைப்படும். முதலாவது, கால்மணி அல்லது அரைமணி நேரத்தை ஒரு கம்பனி முழுதாக வாங்கி, அதில் தன் பெயரால் ஒரு நிகழ்ச்சியை நடத்துவது. தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை பெயர் வரும். நடுவில் வருவது எங்கே வரவேண்டும் என்பதில்தான் கலை இருக்கிறது. நாடகமாயின், கதவு தட்டப்படும். யார் வந்தார் என்று தெரியுமுன் விளம்பரம் வரும். நேயர் பெட்டியை விட்டு எழுந்துபோக மாட்டார். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடர் நாடகமாக ஒலித்த மாலைகளில், அந்த இடைவேளையில்தான் எங்கள் லயத்துப் பெண்கள் சேர்த்து வைத்திருந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்வார்கள். எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வந்தால் அதே இடைவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை முடிப்பார்கள். பின்னாளில் அது ‘கோமாளிகள்’ என்று 1976இல் திரைப்படமாகவும் வந்தது.

இரண்டாவது வகை, தனித்தனித் துண்டு விளம்பரங்கள். பதினைந்து விநாடி, முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று அளந்து விற்கப்படுபவை. முப்பது விநாடியில் தமிழில் நாற்பது, ஐம்பது சொற்களுக்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அதைவிடக் கூடுதலாக இயலும். நம் சொற்கள் விகுதிகளையும் வேற்றுமைகளையும் முதுகில் சுமந்துகொண்டு நடப்பவை. ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் அறிவிப்பாளர் மூச்சுவாங்க வேண்டியதுதான். கே.எஸ். ராஜாவின் வேகத்தை ரசித்த நாம், அந்த வேகத்தின் ஒரு பகுதி விநாடிக்கு விலை வைத்த வணிகத்தின் தேவையும் ஆகும் என்பதைக் கவனித்ததில்லை.

பாட்டனாரின் வெற்றிலைக் கணக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிடத்துக்கு மேல் பாடாது. திரைப்பாட்டின் நீளத்தை இலக்கணமோ இசையோ நிர்ணயிக்கவில்லை; அந்தத் தட்டுதான் நிர்ணயித்தது. கால்மணி நேரத்தில் மூன்று பாட்டு வைத்தால் பத்தரை நிமிடம் போயிற்று. மிஞ்சிய நாலரை நிமிடத்தில் அறிவிப்பு, நேரம் சொல்லுதல், விளம்பரம் எல்லாம் அடங்கவேண்டும். அதைப் பாட்டுகளுக்கு இடையே பகிர்ந்தால் ஒவ்வோர் இடைவேளையும் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் வரும். வெற்றிலை மடிக்க அது போதும். பாட்டனார் நிலையத்தின் நேர அட்டவணையைக் கண்ணால் கண்டதில்லை. கேட்டுக் கேட்டே அதை மனப்பாடம் செய்திருந்தார்.

அந்த அட்டவணை ஒரு தாள். எந்த மணி, எந்த நிமிடத்தில் எந்த விளம்பரம் என்று முதல் நாளே தட்டச்சாகி அறிவிப்பாளர் மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒலித்ததும் அவர் நேரத்தைக் குறித்து அடையாளமிட வேண்டும். அந்த அடையாளத்தைக் கொண்டே கணக்குப் பகுதி பணம் கேட்கும். ஒன்று தவறினால் வேறொரு வேளையில் ஈடுசெய்ய வேண்டும். தாளை வகுப்பதற்கும் சில எழுதாத விதிகள் உண்டு. இரண்டு சவர்க்காரங்களை அடுத்தடுத்து நிறுத்துவதில்லை. இடைவேளையின் முதலிடத்துக்கு மதிப்பு அதிகம். பாட்டின் மயக்கம் தெளியுமுன் காதில் விழுவது அது. குறித்த நிமிடத்தில்தான் வரவேண்டும் என்று கேட்பவருக்கு ஒரு விலை. இடம் கிடைத்தபோது போடுங்கள் என்பவருக்கு அதைவிடக் குறைந்த விலை. மணி அறிவிப்பைக்கூட விற்கலாம். நேரத்தைச் சொல்லுமுன் ஒரு கைக்கடிகாரத்தின் பெயர் வரும்.

இந்தத் தாள் இன்று கணினித் திரைக்கு மாறிவிட்டது. 1990களின் இறுதியில் தனியார் தமிழ்ப் பண்பலை நிலையங்கள் வந்தபின், விளம்பரங்கள் பாட்டுக்கொன்றாகச் சிந்தாமல், மணிக்குச் சில முறை கொத்துக் கொத்தாக வருகின்றன. ஒரு நிலையம் கொத்தை அவிழ்க்கும் அதே வேளையில் மற்றதும் அவிழ்த்தால் நேயருக்குத் தப்ப வழியில்லை என்பது அவர்கள் கண்ட தந்திரம். மலையகத்தில் இதற்கொரு சிக்கல் உண்டு. சிற்றலை வானமண்டலத்தில் பட்டுத் திரும்பி எந்தப் பள்ளத்திலும் இறங்கும். பண்பலையோ நேர்கோட்டில் செல்வது. மலை மறித்தால் நின்றுவிடும். இரு மலைகளுக்கிடையே அமைந்த சில தோட்டங்களில், வீதி வளைவு ஒன்றில் நின்றால் பாட்டுக் கேட்கும், லயத்து வாசலில் கேட்காது. அங்குள்ளவர்கள் கேட்காத விளம்பரத்துக்கும் கம்பனிக்காரர் பணம் கட்டுகிறார் என்பதை எண்ணினால் பாட்டனார் மகிழ்ந்திருப்பார்.

மலையில் ஒரு கடிகாரம், கொழும்பில் ஒரு கடிகாரம்

எந்த வேளை விலை உயர்ந்த வேளை? வாங்கக் கூடியவர் கேட்கும் வேளை. கொழும்பிலும் சென்னையிலும் அலுவலகம் செல்வோர் ஆயத்தமாகும் காலைப் பொழுதும், வீடு திரும்பி ஓய்ந்திருக்கும் முன்னிரவும் அவ்வகையின. வீட்டுப் பெண்களுக்கென்று நண்பகலை ஒட்டி நிகழ்ச்சிகள் அமைந்தன. சமையற் பொருள், தலைக்கு எண்ணெய், குழந்தைக்குப் பால்மா என்று விளம்பரங்களும் அதற்கேற்ப அமைந்தன.

தோட்டத்தின் கடிகாரமோ வேறு. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் மலையேறிய பின்புதான் ‘பொங்கும் பூம்புனல்’ எங்கள் லயத்தில் பொங்கும். அதைக் கேட்பவர்கள் பாட்டனாரைப் போன்ற முதியவர்களும், பிள்ளைக்காம்பராவுக்குப் போகாத குழந்தைகளும், பள்ளிக்குப் புறப்படும் எங்களைப் போன்றவர்களுமே. மாதரை நோக்கி அறிவிப்பாளர் அன்பு சொரியும் நண்பகலில், எங்கள் மாதர் கொழுந்து நிறுவைக்காக மழையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். மாலையில் அவர்கள் வந்து, விறகு பிளந்து, ரொட்டி சுட்டு, கைகால் கழுவி உட்காரும்போது விலையுயர்ந்த வேளை பாதி கழிந்திருக்கும். விளம்பரத்துறை வகுத்த நாளில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம்கூடச் சொந்தமாக இருக்கவில்லை.

ஆயினும் அவர்கள் நிலையத்துக்குப் பயன்பட்டார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை அறிய அந்நாளில் நிலையத்தாரிடம் இருந்த சிறந்த சான்று தபாலட்டை. பிடித்த பாட்டைக் கேட்டு எழுதும் அட்டையில் பெயரும் ஊரும் இருக்கும். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று தோட்டத்தின் பெயரோடு எங்கள் பெயர்கள் வாசிக்கப்படும்போது, கொழும்பு எங்களைப் பெயர் சொல்லி அழைத்ததாக எண்ணிப் பூரித்தோம். அந்த அட்டைகளின் குவியலைக் காட்டித்தான் அடுத்த விளம்பரத்துக்கு விலை பேசலாம் என்பது எங்களுக்குத் தெரியாது.

இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. வேறெங்கும் எங்களுக்கு எண்ணிக்கையே இல்லாதிருந்த காலம் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் பங்கிடப்பட்டன. வாக்காளர் இடாப்பில் இல்லாதவர் பாட்டுக் கேட்போர் பட்டியலிலாவது இருந்தார்.

1973ஆம், 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரிசியும் மாவும் அருகி, வேலை நாட்களும் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலம். அந்த மாதங்களில் ஒரு பிஸ்கட்டுக்கான பாட்டு மாலைதோறும் வரும். மிக இனிமையான மெட்டு. லயத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் மனப்பாடம். மரவள்ளிக் கிழங்கை எதிர்பார்த்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் அதைச் சேர்ந்து பாடுவார்கள். பாட்டனார் அப்போது பெட்டியை அணைப்பதை விட்டுவிட்டார். “பாடிட்டுப் போகுதுங்க” என்பதோடு சரி.

சொல்லுக்குச் சதம்

அவர் எக்காலத்திலும் அணைக்காத வேளை ஒன்றுண்டு. மரண அறிவித்தல்.

வெளிநாட்டு நேயருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். மரணச் செய்தி எவ்வாறு வர்த்தகமாகும்? ஆனால் அதுவும் பணம் கட்டி வானேற்றப்படும் அறிவித்தலே. நிலையத்தின் கணக்கில் அதுவும் விற்கப்பட்ட நேரமே. இலங்கைத் தமிழருக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதை மலையகத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது துரையின் பங்களாவிலும் ஆபீசிலும்தான். தந்தி மறுநாள் வரும். சில வேளை அடக்கம் முடிந்தபின் வரும். பதுளைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கும், இரத்தினபுரி றப்பர் தோட்டத்துக்குப் போன தம்பிக்கும் ஒரே நேரத்தில் செய்தி சேர வேறு மார்க்கம் இல்லை. ஆகவே அந்த வேளையில் லயம் முழுவதும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். விளம்பரங்களுக்குரிய துள்ளல் இசை அப்போது இராது. மெல்லிய சோக இசை ஒன்று முன்னே வரும். அறிவிப்பாளரின் குரல் தாழும். ஊர், பெயர், உறவுமுறைகள், அடக்கம் நடைபெறும் நேரம். குரலில் பரிவு இருக்கும், அழுகை இராது. கேட்பவர் அழுவதற்கு இடம்விட்டு வாசிக்கும் அந்தப் பக்குவம் பயிற்சியால் மட்டும் வருவதன்று.

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு விடியற்காலையில் பாட்டனார் காலமானார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் தந்தை. அடுத்தவர் சித்தப்பா. கடைசி மகளான என் அத்தை, ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜையாகி, இரண்டாண்டுகளுக்கு முன் கணவரோடும் குழந்தைகளோடும் புறப்பட்டுப் போயிருந்தார். அட்டன் நிலையத்தில் அந்தப் புகையிரதத்துக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். அதில் தலைமன்னார் வரை சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டத் திட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் வேலையில் சேர்ந்திருந்தார். அங்கும் மலை, அங்கும் கொழுந்து. மாலையில் சிலோன் ரேடியோ தெளிவாகக் கேட்கிறது, அதே பாட்டு, அதே விளம்பரம், அப்பா வெற்றிலை மடிப்பது கண்ணில் தெரிகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

அறிவித்தல் எழுதும் பணி என்னிடம் வந்தது. அப்போது எனக்கு வயது பதினாறு. லயத்தில் எழுத்துக்கு நான்தான். அட்டன் நகரில் ஒரு மளிகைக்கடை முதலாளி எங்களுக்கு அறிமுகம். அவர் கடையிலிருந்து கொழும்பில் அவர் சரக்கெடுக்கும் கடைக்கு டிரங்கோல் போட்டுச் சொன்னால், அங்கிருக்கும் கணக்கப்பிள்ளை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டிவிடுவார். பணத்தை முதலாளிக்கு நாங்கள் பிறகு தீர்க்கவேண்டும். கட்டணம் சொற்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. டிரங்கோலுக்கோ நிமிடக் கணக்கு. பெட்டிக்கு மேலும் கீழுமாக இரண்டு கடிகாரங்கள்.

முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. பாட்டனாரின் பிறந்த ஊர், அவர் வேலைசெய்த தோட்டங்கள், கோயில் தர்மகர்த்தாவாக இருந்தது, எல்லாம் எழுதியிருந்தேன். முதலாளி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எண்ணினார். “தம்பி, இவ்வளவு வேணாம். கேக்கிறவங்களுக்கு வேண்டியதை வை” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பென்சிலை எடுத்து நான் அடிக்கத் தொடங்கினேன். ‘அன்பு’ போயிற்று. ‘பாசமிகு’ போயிற்று. தோட்டங்களின் பெயர்கள் போயின. சம்பந்தி வீட்டார் போனால் மனத்தாங்கல் வரும் என்று அவர்களை வைத்துக்கொண்டேன். இன்னும் ஐந்தாறு சொற்கள் குறைந்தால் ஒரு ரூபாவுக்கு மேல் மிச்சம் என்ற நிலையில், ‘இந்தியா, கோத்தகிரி’ என்பதும் அத்தையின் பெயரும் கண்ணில் பட்டன. அடக்கத்துக்கு வரப்போகிறவர் இல்லை. தந்திக்கு வழியில்லை, கடிதம் எப்படியும் எழுதத்தான் போகிறோம். கோடு போட்டேன். அந்த மாதம் ஒரு ரூபா என்பது எங்கள் வீட்டில் ஒரு வேளை உணவு.

அன்று மாலை அறிவித்தல் வந்தது. லயமே வாசலில் நின்றது. பாட்டனாரின் பெட்டியில் பாட்டனாரின் பெயர் வந்தபோது என் தந்தை இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பெயர் விடுபட்டதை அவர் கவனித்தாரா என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து நீலநிற வான்கடிதம் வந்தது. எங்கள் கடிதத்துக்குப் பதிலென்றுதான் முதலில் எண்ணினோம். தேதியைப் பார்த்தால் எங்கள் கடிதம் போய்ச் சேருமுன் எழுதப்பட்டது. அத்தை அன்று மாலை அங்கே அதைக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெட்டியில், வேறேதோ நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தபோது. அப்பா பெயரும் தோட்டத்துப் பெயரும் வந்ததும் தமக்குக் கைகால் ஓடவில்லை என்று எழுதியிருந்தார். அண்ணன்மார் பெயர் வந்தது, மருமக்கள் பெயர் வந்தது, சம்பந்தி வீட்டார் பெயரும் வந்தது என்று எழுதியிருந்தார். யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அறிவித்தல் முடிந்து, அந்தச் சோக இசையும் முடிந்து, அதன்பின் ஒரு சவர்க்கார விளம்பரம் வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியை அணைக்கப் போனாராம். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஒரு பெயர் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லி, அந்த விளம்பரம் முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் வரை அத்தை நின்றுகொண்டிருந்தாராம்.